எண்ணெய் குடிக்காத மெசின்

சக்தி என்ற சொல்லை யாராவது என் முன்னால் சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பால்மா டின்னில் சக்தி இருக்கிறதாம். பிஸ்கட் பக்கற்றில் இருக்கிறதாம். பஸ்ஸில் ஏறி விற்கிறவனின் செப்பு வளையத்திலும் இருக்கிறதாம், அதைக் கையில் போட்டால் முழங்கால் வலி பறந்துவிடுமாம். புத்தளத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்தே தலை நரைத்துப்போன எனக்கு மட்டும்தான் சக்தி என்ன பொருள் என்று தெரியாது. மற்ற எல்லோருக்கும் நன்றாகத் தெரியும், விலையும் தெரியும்.

தெரியாது என்று நான் சொல்வது பணிவினால் அல்ல. பணிவுக்கும் எனக்கும் வெகுதூரம். சக்தி ஒரு பொருளே இல்லை என்பதுதான் விஷயம். போத்தலில் பிடிக்கிற திரவமும் இல்லை, உடம்புக்குள் ஓடுகிற வெளிச்சமும் இல்லை. அது ஒரு எண். ஓடுகிற பொருளுக்கு அதன் ஓட்டத்துக்காக இவ்வளவு, மேலே இருக்கிற பொருளுக்கு அதன் உயரத்துக்காக இவ்வளவு, சூட்டுக்கு இவ்வளவு, எண்ணெய்க்குள் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் விதத்துக்கு இவ்வளவு என்று போட்டுக் கூட்ட வேண்டும். பிறகு எரிக்கலாம், உருட்டலாம், உடைக்கலாம். எல்லாம் முடிந்தபின் திரும்பவும் கூட்டினால் அதே எண் வரும். ஏன் வருகிறது என்று கேட்டால், இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாகவே இருப்பதால் என்று கணிதக்காரர் நிறுவிக் காட்டுவார்கள். அது சரிதான். ஆனால் அந்த எண்ணைக் கையில் பிடித்துக் காட்டு என்றால் அவர்களாலும் முடியாது.

இதை எத்தனையோ பிள்ளைகளுக்குப் புரியவைத்திருக்கிறேன். சொந்த மச்சானுக்குப் புரியவைக்க முடியவில்லை.

மச்சான் என்றால் என் தங்கையின் மாப்பிள்ளை. தங்கைக்கு நான் ராத்தா, அவருக்கு மதினி. கற்பிட்டிப் பக்கம் குத்தகைக் காணியில் சின்ன வெங்காயம் போடுகிறவர். நாங்கள் மன்னார்க்காரர். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கினவர்கள். நான் படிப்பைப் பிடித்துக்கொண்டு புத்தளம் டவுனோடு ஒட்டிக்கொண்டேன். தங்கை மண்ணைப் பிடித்துக்கொண்டாள். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் எல்லோரும் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். அவள் அழவில்லை. வாப்பாவின் காணியில் காடு எழும்பி நிற்பதைப் பார்த்து, இதை வெட்ட எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

அந்த வருடப் போகத்தை அவள் நேர்ந்து வைத்ததுபோல் வைத்திருந்தாள். இந்த வெங்காயம் கைக்கு வந்தால் மழைக்கு முன்னால் காடு வெட்டி, எல்லை போட்டு, ஒரு அத்திவாரமாவது போட வேண்டும். இன்னும் பிந்தினால் எது எங்கள் எல்லை என்று சொல்ல ஊரில் ஒரு கிழவர்கூட மிச்சமிருக்க மாட்டார். இதை அவள் சோறு போடும்போதும் சொல்வாள், பாத்தி கொத்தும்போதும் சொல்வாள். பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

கற்பிட்டி மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மச்சானின் மடைத்தனம் விளங்காது. அது மண்ணே இல்லை, மணல். கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர். காலையும் மாலையும் மெசினால் இறைத்துப் பாத்திக்கு விட்டால், வெங்காயம் குடித்ததும் வெயில் குடித்ததும் போக மிச்சமெல்லாம் மணலுக்குள் இறங்கி அதே கிணற்றுக்குத் திரும்பி வந்துவிடும். இறைக்க இறைக்கக் கிணறு அப்படியே நிற்கும். ஆனால் ஒரு நாள் விட்டாலும் பாத்தி கருகும். மணல் ஒன்றையும் மிச்சம் பிடித்து வைக்காது.

எண்ணெய் விலை ஏறியிருந்த காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் மெசினை மச்சான் தினமும் ஏசிக்கொண்டே இழுத்து முடுக்குவார். அப்போதுதான் அந்தக் கோட் போட்ட ஆள் வந்தான்.

கலியாண மண்டபத்தில் கூட்டம். கற்பிட்டி வெயிலில் கோட்டும் கழுத்துப்பட்டியும். தன்னை விஞ்ஞானி என்று அவனே சொல்லிக்கொண்டான், வேறு யாரும் சொல்லவில்லை. மேடையில் மெசின். இரும்புக் கால்களின் மேல் ஒரு தண்ணீர்த் தாங்கி. அதிலிருந்து விழும் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் டைனமோவைச் சுற்றும். டைனமோவின் கரண்டில் பம் ஓடித் தண்ணீரைத் திரும்பத் தாங்கிக்கு ஏற்றும். மிஞ்சிய தண்ணீர் பைப்பால் தோட்டத்துக்குப் போகும். நடுவில் பூட்டுப் போட்ட ஒரு கறுப்புப் பெட்டி. அது என்ன என்று கேட்டால் அதுதான் இரகசியம் என்றான். எண்ணெய் வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம், ஒருமுறை முடுக்கினால் மௌத்தாகும்வரை ஓடும் என்றான். யாருடைய சாவு என்று சொல்லவில்லை.

தங்கை கூப்பிட்டதால் நானும் போய் முன்வரிசையில் இருந்தேன். அவன் தட்டில் கொண்டுவந்த மணலை ஒரு கை அள்ளிக் காட்டினான்.

"இது உங்கட மண்தான். இந்த ஒரு கை மண்ணுக்குள்ள கொழும்பு முழுக்க மாதக்கணக்குல லைற் எரிக்கிற சக்தி இருக்கு. நான் சொல்லல்ல, விஞ்ஞானம் சொல்லுது. திணிவை ஒளிட வேகத்தால ரெண்டுதரம் பெருக்கிப் பாருங்க. எங்கட பெட்டி அந்தச் சக்தியில கொஞ்சத்தை எடுக்குது, அவ்வளவுதான்."

எனக்கு இரத்தம் கொதித்தது, ஏனென்றால் பெருக்கல் சரி. ஒரு கை மணலின் திணிவுக்கு அந்தக் கணக்கு அவ்வளவு வரத்தான் செய்யும். முழுப் பொய் சொல்கிறவனை வகுப்புப் பிள்ளையே மடக்கிவிடும். இவன் மெய்யின் தோலை உரித்துத் தன் பொய்க்குப் போர்த்திக்கொண்டு வந்திருந்தான்.

நான் எழும்பிக் கேட்டேன். "கற்பிட்டிக்கு எதுல வந்தீங்க?"

"வேன்ல."

"அந்த வேனுக்கு என்ன ஊத்தின? மண்ணா?"

கொஞ்சப்பேர் சிரித்தார்கள். அவன் அசையவில்லை, ஆள் கெட்டிக்காரன். "டீச்சர்ட பௌதிகவியல் பழசு" என்றான், மிகவும் மரியாதையாக. "நாங்க புதுசு படிக்கிறம்." இப்போது மண்டபம் முழுக்கச் சிரித்தது. மச்சானும் சிரித்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று பின்னேரமே தங்கை வீட்டில் வகுப்பு வைத்தேன். ஒரு பொருள் சும்மா இருப்பதற்கே, அதன் திணிவுக்கே, அந்தக் கூட்டலில் ஒரு பெரிய எண் உண்டு, அது உண்மை என்றேன். மணலின் திணிவே பெரும்பங்கு அணுக்கருவுக்குள் அடைபட்ட துகள்களின் ஆட்டமும் இழுபறியும்தான், அதுவும் உண்மை. ஆனால் இருப்பது வேறு, எடுப்பது வேறு. எடுத்தால் திணிவு குறைய வேண்டும். மண்ணெண்ணெய் எரியும்போதும் குறையத்தான் செய்கிறது, எந்தத் தராசிலும் தெரியாத அளவுக்கு. யுரேனியத்தின் கருவைப் பிளந்தால் ஆயிரத்தில் ஒரு பங்களவு குறையும், அதற்கே ஊரளவு கட்டடமும் காவலும் வேண்டும். சூரியனே தன் வெயிலுக்காக வினாடிக்கு நாற்பது இலட்சம் தொன் மெலிந்துகொண்டு போகிறது. சூரியனுக்கே சும்மா கிடைக்காதது கோட் போட்டவனுக்குப் பெட்டிக்குள் கிடைக்குமா என்று கேட்டேன். மணலின் கருவை உடைக்கவும் வழியில்லை, உடைத்தாலும் அது சக்தி தராது, போட்டது போதாது என்று நம்மிடமே கேட்கும்.

மச்சான் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"மதினி, அணுவெல்லாம் எனக்கு விளங்காது. நம்மட தண்ணியப் பாருங்க. கிணத்துல இருந்து எடுத்துப் பாத்திக்கு விடுறன். மண் குடிச்சிட்டுத் திருப்பிக் கிணத்துக்கே குடுக்குது. இவ்வளவு வருஷமா அதே தண்ணியத்தான் சுத்திக்கிட்டு இருக்கன். கிணறு வத்தினதா? தண்ணி சுத்துமெண்டா கரண்ட் ஏன் சுத்தாது?"

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனும் கேட்டிருக்க மாட்டான். கற்பிட்டி மணலில் நின்று இறைத்தவனுக்குத்தான் இது வரும்.

"தண்ணிதான் திரும்பி வருது, உயரம் வரல்ல" என்றேன். "கிணத்துல இருந்து தண்ணி தானா மேல ஏறி வந்திச்சா ஒரு நாளைக்காவது? ஒவ்வொருதரமும் நீங்க எண்ணெய் ஊத்தித்தானே தூக்குறீங்க? தூக்கின கூலி தண்ணி கீழ இறங்கேக்க மண்ணுக்குச் சூடாப் போயிரும். அந்தச் சூடு ஒரு எறும்புக்கும் உறைக்காது. அது திரும்பிக் கிணத்துக்கு வராது."

அவர் எழும்பி வாசலுக்கு வந்து கரைப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "அது என்ன எண்ணெய் குடிக்குது?"

"காத்தக் குடிக்குது. அதுக்குப் பின்னால போய் நிண்டு பாருங்க, காத்து மெலிஞ்சிதான் வரும்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கீங்க."

"அதுக்குத்தானே படிச்சது."

"ஓம். படிச்ச ஆக்கள் பதிலத்தான் தாறீங்க. ஒருத்தராவது எங்களுக்கு ஒரு மெசின் செஞ்சு தந்தீங்களா?"

தங்கை தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வந்தாள். "ராத்தா, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா எண்ணெய் விலையப் பாத்தா அவன் சொல்றதத்தான் நம்ப மனம் வருது. இந்தப் போகத்துல எண்ணெய்க்குப் போறது மிஞ்சினா காடு வெட்ட அது காணும்."

மச்சான் பழைய மெசினை விற்றார். வாங்கினவர் பக்கத்துத் தோட்டக்காரர், கத்தோலிக்கர். மண்டபத்தில் எல்லோரையும்விட உரத்துக் கைதட்டினவர் அவர்தான். மற்றவன் பழைய மெசினை விற்கிற அளவுக்குக் கைதட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புதிய மெசின் வந்து இறங்கியதைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஓடியது. மறுக்க மாட்டேன், நன்றாக ஓடியது. சக்கரம் சுற்ற, தாங்கி நிரம்ப, பைப்பால் தண்ணீர் பாத்திக்குப் பாய, ஊர்ச் சனம் போனில் வீடியோ எடுத்தது. மச்சான் என்னைப் பார்த்தார். நான் கறுப்புப் பெட்டியைப் பார்த்தேன். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் பம் நிற்காது என்று எனக்குத் தெரியும். தொட விட்டால்தானே. "கை வெச்சா உத்தரவாதம் போயிரும் மதினி" என்றார் மச்சான்.

அடுத்த நாளே மெசின் திணறி இழுக்கத் தொடங்கியது. அதற்கடுத்த நாள் காலையில் நின்றது. விஞ்ஞானிக்குப் போன் எடுத்தால், மெசின் மண்ணோடு பழகவேண்டும், பொறுமையாக இருங்கள் என்றான். பின்னேரம் எடுத்தால் போன் நின்றிருந்தது. மெசின் நின்றது ஒரு பக்கம், விஞ்ஞானியும் நின்றுபோனான்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற நாட்கள். வெங்காயம் கிழங்கு பிடிக்கிற நேரம். மணல் மத்தியானத்துக்குள் காய்ந்து வெளுக்கும். பழைய மெசினை வாங்கின தோட்டக்காரர் அதைப் படகுக்காரத் தம்பியிடம் சிலாபப் பக்கம் அனுப்பிவிட்டிருந்தார், திரும்பி வர நாளாகும் என்றார். வாடகைக்கு எடுக்க ஒன்றுமில்லை, எல்லோருடைய மெசினும் அவரவர் பாத்தியில் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை வாளியை எடுத்தாள்.

நான் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். தங்கை, மச்சான், நான், மூன்று பேரும் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினோம். கிணற்றிலிருந்து பாத்திவரை மட்டமான நிலத்தில் வாளியைச் சுமந்து நடந்தால் வாளிக்குச் செய்த வேலை பூச்சியம் என்று எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான். சுமக்கிற விசை மேல்நோக்கி, நடை பக்கவாட்டில், ஆகவே பூச்சியம். கணக்கு சரி. என் தோள்பட்டை அந்த வகுப்புக்கு வரவில்லை போலும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதைத் தங்கையிடமும் சொன்னேன்.

"பூச்சியமா?" என்று கேட்டாள்.

"வாளிக்குப் பூச்சியம். உடம்புக்குள்ள தசை இறுகி இறுகிச் சூடாப் போகுது, அது வேற கணக்கு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுத்த வாளிக்குக் குனிந்தாள்.

கறுப்புப் பெட்டியின் பூட்டை நானே கல்லால் உடைத்தேன். உள்ளே ஒரு பழைய லொறி பெட்றியும் கரண்டை மாற்றுகிற ஒரு சின்னப் பெட்டியும் இருந்தன. மண்ணின் சக்தியாம், ஒளியின் வேகமாம். எவனோ கழற்றி எறிந்த பெட்றியை இரவு முழுக்கச் சார்ச் பண்ணிக்கொண்டு வந்து ஊரை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறான். சக்கரமும் டைனமோவும் அந்தப் பெட்றியைத் தின்றதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. அவை இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருக்கும்.

மச்சான் குனிந்து பெட்றியைப் புரட்டிப் பார்த்தார். இனியாவது வாய் திறந்து மதினி சொன்னது சரி என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கோவிக்காதீங்க மதினி" என்றார். "நீங்க வந்து பாத்திட்டுப் போனதுக்குப் பொறகுதான் அது இழுக்கத் தொடங்கின. உங்கட கண்ணூறு கொஞ்சம் பொல்லாதது. நான் ஓதின தண்ணியும் தெளிச்சுப் பாத்தன், கேக்கல்ல."

"ஓதின தண்ணி பாவம்" என்றேன். "அந்த மெசினுக்குள்ள களங்கமில்லாம இருந்தது அது ஒண்டுதான்." அதற்குமேல் பேசினால் குடும்பம் பிரிந்துவிடும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். சக்திக் காப்பு விதி பிழைக்காது என்பார்கள். மடைத்தனத்துக்கும் அப்படி ஒரு விதி இருக்கவேண்டும், ஒரு துளிகூடக் குறையாமல் அப்படியே இருக்கிறது.

பழைய மெசின் திரும்பி வந்து, தோட்டக்காரர் அதை இரவல் தந்தபோது, தூரத்துப் பாத்திகள் எல்லாம் வைக்கோலாகிக் கிடந்தன. அவர் சிரிக்கவில்லை. எண்ணெய்கூட ஊற்றியே தந்தார். கிணற்றடிப் பாத்திகள் மட்டும் பிழைத்தன. வெங்காயம் கிண்டிக் கட்டித் தொங்கவிட்டபோது கொட்டிலின் ஒரு மூலைகூட நிரம்பவில்லை. அடுத்த போகத்து விதைக்கும் குத்தகைக்கும் போதும். காடு வெட்டக் காணாது. தங்கை அதைப் பார்த்தாள், அன்றிலிருந்து மன்னாரைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. சோறு போடும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அவளும் நானும் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து விதை வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். கிணற்றில் தண்ணீர் எப்போதும் நிற்கிற அளவில் நின்றது. மச்சான் அந்தப் பெட்றியைச் சார்ச் பண்ணிக் கொட்டிலுக்கு ஒரு பல்ப் கொழுவியிருந்தார். அது பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

"ராத்தா, ஊத்தின தண்ணியெல்லாம் கிணத்துக்கு வந்திட்டு" என்றாள். "நாங்க தூக்கின பலம் எங்க போன?"

"மண்ணுக்குப் போன. காத்துக்குப் போன. சூடா."

"அழிஞ்சு போனதா?"

"இல்ல. சக்தி அழியாது. முழுக்க இருக்கு, ஒரு துளி குறையாம. அங்கயும் இங்கயும் பரவிக் கிடக்கு, அதுதான் திருப்பிச் சேத்து எடுக்க ஏலாது."

"இந்த மண்ணுல வந்து இறங்கின நாள்ல இருந்து நான் தூக்கினது?"

"அதுவும்தான்."

அவள் கையிலிருந்த வெங்காயத்தின் சருகை ஊதிவிட்டு நல்லதா என்று நசித்துப் பார்த்தாள்.

"அவனும் மண்ணுக்குள்ள இருக்கெண்டுதானே சொன்னான்" என்றாள். "அவன் எடுக்கலாமெண்டு பொய் சொன்னான். நீங்க எடுக்க ஏலாதெண்டு உண்மையச் சொல்றீங்க. வாப்பாட காணிக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விதை வெங்காயத்தை மடியில் அள்ளிக்கொண்டு, காய்ந்து கிடந்த தூரத்துப் பாத்திப் பக்கம் கொத்தப் போனாள்.